ஏரிக்கரையில் ஒரு கன்னியர் மடம்

சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்தவர்களுக்குச் சேர்வராயன் மலை நாள்தோறும் கண்ணில் படும் ஒரு நீலக்கோடு. கோடை விடுமுறையில் பேருந்தின் சன்னலோரத்து இருக்கைக்குச் சண்டையிட்டுக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணியபடி ஏற்காட்டுக்கு ஏறிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஏரியில் படகுச் சவாரி, மலைக்காட்சி முனைகள், கைநிறைய ஆரஞ்சு, திரும்பும் வழியில் ஒரு சிறு தூக்கம் ஆகியவற்றுடன் எங்கள் ஏற்காடு முடிந்துவிடும். ஏரியும் காடும் சேர்ந்த ஊர் என்பதால் ஏற்காடு என்று தமிழாசிரியர் சொன்னது மட்டும் நினைவில் இருந்தது. அந்த ஏரியூரில் நூற்றாண்டைக் கடந்து நிற்கும் கன்னியர் மடத்தின் மதிலைப் பலமுறை கடந்து சென்றிருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

பின்னாளில் கல்லூரியில் வரலாறு கற்பித்தபோது, என் வகுப்பில் இருந்த ஒரு மாணவி பட்டம் பெற்றதும் துறவற சபை ஒன்றில் சேர்ந்தாள். வீட்டில் பெரும் எதிர்ப்பு. பத்து ஆண்டுகள் கழித்து, அருட்சகோதரியாக என்னைப் பார்க்க வந்தபோது அவள் கேட்ட கேள்வி இது: ‘ஐயா, மன்னர்களின் வரலாற்றைப் படித்தோம், ஆதீனங்களின் வரலாறும் இருக்கிறது. பெண்களே நடத்திய எங்கள் மடங்களின் வரலாற்றை எந்த வகுப்பிலாவது நீங்கள் கற்பித்திருக்கிறீர்களா?’ இல்லை என்று ஒப்புக்கொண்டேன். இக்கட்டுரை அந்தக் கேள்விக்குக் காலம் தாழ்த்தித் தரும் ஒரு பாதி விடை.

ஏற்காட்டின் திரு இருதயக் கன்னியர் மடமும் அதன் பெண்கள் பள்ளியும் 1894-இல் தொடங்கப்பட்டவை. நிறுவியவர்கள், புனித சூசையப்பரின் குளூனி சபையைச் சேர்ந்த அருட்சகோதரிகள். இந்த ஆண்டின் பொருளை உணர, அருகில் வேறு சில ஆண்டுகளை வைத்துப் பார்க்க வேண்டும். அதே ஊரின் புகழ்பெற்ற மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-இல்தான் வந்தது. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1921-இல் கிடைத்தது. சேலம் மறைமாவட்டம் 1930-இல் உருவானது. ஆக, சேலத்துக்கென்று ஓர் ஆயர் அமர்வதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே, பெண்கள் சிலர் மலைமேல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி நடத்திக்கொண்டிருந்தார்கள்.

துறவுக்குப் பெண் புதியவள் அல்லள்

பெண் துறவும் பெண்கள் கூடி வாழும் மடமும் ஐரோப்பியர் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய புதுமைகள் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. நம் காப்பியங்களே அதை மறுக்கின்றன. கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாக மதுரை வரை நடந்த கவுந்தியடிகள் ஒரு சமணப் பெண் துறவி. மணிமேகலை பௌத்தத் துறவு பூண்டவள்.

இலக்கியத்தை விட்டுவிட்டுக் கல்வெட்டுகளுக்கு வந்தால் சான்று இன்னும் உறுதியாகிறது. சமணப் பெண் துறவியரைக் ‘குரத்தியர்’ என்று அவை குறிக்கின்றன. குரவர் என்பதன் பெண்பால் அது. கழுகுமலையில் சிற்பங்களைச் செய்வித்தவர்களாகக் குரத்தியர் பலரின் பெயர்கள் பாறையில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வந்தவாசிக்கு அருகிலுள்ள வேடல் என்ற ஊரின் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. முதலாம் ஆதித்த சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. அதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. கனகவீரக் குரத்தியார் என்ற தலைவிக்கு 500 மாணாக்கியர் இருந்தனர். அவர்களுக்கும் 400 பேர் கொண்ட மற்றொரு தரப்புக்கும் பூசல் எழுந்தபோது, குரத்தியாரையும் அவருடைய மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றுக்கொண்டனர் என்று அக்கல்வெட்டு கூறுகிறது.

இந்த ஒரு கல்வெட்டில் ஒரு பெண்கள் மடத்தின் இலக்கணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தலைமை தாங்க ஒரு பெண், கற்கும் ஒரு கூட்டம், வெளியிலிருந்து வரும் நெருக்கடி, சோறு போடும் ஊர் என நான்கும் அதில் உள்ளன. இந்த நான்கில் எதை நீக்கினாலும் மடம் நிலைக்காது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஏற்காட்டில் எழுந்த மடத்துக்கும் இந்த அளவுகோலே பொருந்தும். வேடலில் குரத்தியர் பள்ளி தொடரவில்லை. ஆதரித்த சமூகம் மெலிந்தபோது அதுவும் மறைந்தது. கல்லில் எழுதி வைத்ததால் மட்டுமே அப்படி ஒன்று இருந்தது என்று இன்று நமக்குத் தெரிகிறது.

பர்கண்டியிலிருந்து புதுச்சேரி

கத்தோலிக்கத் துறவற சபைகளில் சேரும் பெண் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளை எடுக்கிறாள். அவளுக்குச் சொந்தச் சொத்து இல்லை, சம்பளம் இல்லை, குடும்பம் இல்லை. பணிக்கு எந்த ஊருக்கு அனுப்பினாலும் செல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தளைகளின் பட்டியலாகத் தோன்றும். ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பெண் திருமணத்தைத் தவிர்த்து, படித்து, கடல் கடந்து, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பொறுப்பேற்று வாழ இருந்த மிகச் சில வாயில்களில் இதுவும் ஒன்று என்பதை மறந்துவிடக் கூடாது. தளையும் விடுதலையும் ஒரே அங்கிக்குள் இருந்தன.

குளூனி சபையை நிறுவிய ஆன் மரி ஜவூகே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் 1779-இல் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தேவாலயங்கள் மூடப்பட்டிருந்தபோது, தலைமறைவாக இருந்த குருக்களுக்கு உதவியவர். 1807-இல் தம் உடன்பிறந்த சகோதரியர் மூவரையும் வேறு சிலரையும் சேர்த்துக்கொண்டு ஒரு சபையைத் தொடங்கினார். 1812-இல் குளூனி என்ற ஊரில் அவர்கள் குடியேறியதால் அந்தப் பெயர் நிலைத்தது. கடல் கடந்த முதல் பணியாக 1817-இல் ரீயூனியன் தீவுக்கும், அடுத்து 1819-இல் ஆப்பிரிக்காவின் செனகலுக்கும் சகோதரிகள் சென்றார்கள். 1822-இல் ஜவூகே தாமே ஆப்பிரிக்கா சென்றார்.

அவர் வாழ்வின் பெரும் அத்தியாயம் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள மானா என்ற குடியேற்றத்தில் நிகழ்ந்தது. அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட ஏறத்தாழ 500 ஆப்பிரிக்கர்களை விடுதலைக்கு ஆயத்தப்படுத்தும் பொறுப்பைப் பிரெஞ்சு அரசு அவரிடம் ஒப்படைத்தது. 1838-இல் அவர்களில் முதல் தொகுதியினர் விடுதலை பெற்றனர். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1848-இல்தான். இடைப்பட்ட காலத்தில் தோட்ட முதலாளிகளின் பகையை மட்டுமல்லாமல், சபையைத் தம் அதிகாரத்தின் கீழ்க் கொண்டுவர விரும்பிய ஓர் ஆயரின் பகையையும் அவர் எதிர்கொண்டார். அதன் விளைவாக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவருக்குத் திருவிருந்தே மறுக்கப்பட்டது. கீழ்ப்படிதலுக்கு வார்த்தைப்பாடு எடுத்த ஒரு பெண், எங்கே பணிய வேண்டும், எங்கே பணியக் கூடாது என்பதைத் தாமே முடிவு செய்துகொண்டார். 1851-இல் மறைந்த அவருக்கு 1950-இல் திருச்சபை அருளாளர் பட்டம் அளித்தது.

இந்தச் சபையின் சகோதரிகள் 1827-இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்கள். பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார்கள். தையலும் பூத்தையலும் கற்பித்தார்கள். புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியில் குளூனி பூத்தையல் நிலையம் இன்றும் இயங்குவதைச் சுற்றுலா சென்றவர்கள் பார்த்திருக்கலாம். கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் ஊசியும் நூலும் ஒரு பிழைப்பாக மாறிய இடம் அது.

மலை ஏறிய காரணம்

புதுச்சேரியிலிருந்த சகோதரிகள் ஏன் சேர்வராயன் மலைக்கு வந்தார்கள்? முதலாவது காரணம் ஆட்சி எல்லை. 1886-இல் புதுச்சேரி உயர்மறைமாவட்டமானது. 1899-இல் கும்பகோணம் மறைமாவட்டம் பிரிக்கப்படும் வரை சேலம் நாட்டின் கத்தோலிக்கர்கள் புதுச்சேரிப் பேராயரின் கீழ் இருந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த சேலத்துக்குச் சமயத் தலைநகர் பிரெஞ்சு இந்தியாவில் இருந்தது என்பது இன்று வியப்பாகத் தோன்றலாம். சேலத்தின் ஊர்களில் பணியாற்றிய குருக்களும் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர். எனவே கன்னியர் மடம் ஒன்று தேவைப்பட்டபோது பார்வை புதுச்சேரியை நோக்கித் திரும்பியது இயல்பே.

இந்த உறவுக்கு இன்னும் பழைய வேரும் உண்டு. 1623-இல் மதுரையிலிருந்து வடக்கே பயணம் செய்த ராபர்ட் தெ நொபிலி, இன்றைய நாமக்கல் மாவட்டத்தின் சேந்தமங்கலத்தில் ராமச்சந்திர நாயக்கரின் ஆதரவைப் பெற்றார், சேலத்திலும் தங்கினார். ஆனால், அந்தப் பணியில் பெண்களுக்கென்று தனி இல்லம் எதுவும் எழவில்லை. அதற்கு இன்னும் இரண்டரை நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

இரண்டாவது காரணம் காப்பி. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியை அறிமுகப்படுத்தினார். தோட்டங்கள் பெருகின. 1860-களின் தொடக்கத்தில் இருப்புப்பாதை சேலத்தை எட்டியது. மலையடிவாரம் வரை வண்டியிலும், பிறகு குதிரையிலும் பல்லக்கிலும் ஏறி, தோட்ட முதலாளிகளும் அதிகாரிகளும் ஓய்வு பெற்றவர்களும் ஏற்காட்டில் வீடு கட்டிக்கொண்டார்கள். தமிழுக்கும் கல்விக்கும் தொண்டாற்றிய பீட்டர் பெர்சிவல் தம் இறுதிக் காலத்தை இங்கே கழித்து 1882-இல் மறைந்தார். பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்லியலின் திசையை மாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபுட் அவருடைய மருமகன். அவரும் ஓய்வுக்குப் பின் ஏற்காட்டிலேயே வாழ்ந்தார். இத்தகைய குடும்பங்களுக்கு, தங்கள் பெண் குழந்தைகளைத் தங்க வைத்துப் படிக்க வைக்க ஒரு குளிர்ந்த இடம் வேண்டியிருந்தது. மலைவாழிடங்களில் எழுந்த கன்னியர் மடப் பள்ளிகள் பெரும்பாலானவற்றின் தோற்றக் கதை இதுதான்.

மூன்றாவதாக ஒரு பின்னணியும் உண்டு. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. 1871-இல் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1881-இல் 16 லட்சமாகச் சுருங்கியது. சமவெளி ஊர்களில் அநாதைக் குழந்தைகள் நிறைந்தார்கள். பெண் குழந்தைகளை ஏற்று வளர்க்க ஆண் குருக்களால் இயலாது, பெண்கள் தேவைப்பட்டார்கள். தமிழ்நாட்டின் பல கன்னியர் மடங்கள் பள்ளிகளாக மட்டுமின்றி அநாதை இல்லங்களாகவும் மருந்தகங்களாகவும் வளர்ந்ததற்கு இந்தப் பஞ்சங்களும் காலராவும் முக்கியக் காரணங்கள்.

யாருக்கான பள்ளி?

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். குடியேற்றக் காலத்துப் பள்ளிகளில் ஐரோப்பியர், கலப்பினத்தார், இந்தியர் என்ற பிரிவினை இயல்பாக இருந்தது. கன்னியர் மடங்களும் அதற்கு விலக்கல்ல. அடிமைகளின் விடுதலைக்கு உழைத்த ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய சபையும், தான் பணியாற்றிய குடியேற்ற அரசின் படிநிலைகளுக்குள்தான் இயங்க வேண்டியிருந்தது. மலைமேல் ஆங்கிலம் பேசும் சிறுமிகளுக்கு மெத்தைக் கட்டிலும் பியானோவும் கிடைத்த காலத்தில், அதே மலையின் மலையாளிப் பழங்குடிச் சிறுமிக்கும், அடிவாரத்திலிருந்து காப்பி பறிக்க ஏறிய கூலிப் பெண்ணின் மகளுக்கும் பள்ளிக்கூடம் என்பது எட்டாத ஒன்று. மடங்களின் வரலாற்றைப் புகழ்மாலையாக மட்டும் எழுதுவோர் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுகிறார்கள். வசைமாலையாக மட்டும் எழுதுவோரோ, அந்த மதில்கள் பின்னாளில் எப்படித் திறந்தன என்பதைத் தாண்டிவிடுகிறார்கள்.

மதில்கள் திறந்ததற்கு ஒரு காரணம், தமிழ்ப் பெண்களே துறவியராகியது. 1844-இல் புதுச்சேரியில் கூடிய மறைமாநில அவை கல்வியை முதன்மைப்படுத்தியது. அதே ஆண்டு துய்ப்புயி என்ற குரு, தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு சபையை அங்கே தொடங்கினார். மரியன்னையின் மாசற்ற இருதயத்தின் பெயரைத் தாங்கிய அச்சபை, தமிழ்ச் சிறுமிகளுக்குப் பள்ளி நடத்துவதையே நோக்கமாகக் கொண்டது. தமிழ்-பிரெஞ்சு அகராதி ஆக்கியவர்களுள் ஒருவரும் அவரே. எழுத்தறிவு குடும்பப் பெண்ணுக்கு உரியதன்று என்று எல்லாச் சாதியினரும் நம்பிய காலம் அது. அக்காலத்தில் ஒரு தமிழ்ப் பெண் தன் ஊரை விட்டு வெளியேறி, இன்னோர் ஊரில் கரும்பலகைக்கு முன் நின்று எழுத்துக் கற்பித்தாள் என்பதே ஒரு சமூக நிகழ்வு. சாவித்திரிபாய் புலே புணேயில் பள்ளி தொடங்குவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு இது நடந்தது. அவருடைய பெயரை நாம் அறிவோம். இந்தத் தமிழ்ப் பெண்களின் பெயர்களை நம் பாடநூல்கள் அறியா.

மடம் இல்லாமல் தனி ஒருவராக ஒரு பெண் இதே நிலத்தில் செய்த பணி ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நாமக்கல்லின் கொல்லிமலையில் 1910-களில் கணவருடன் மருத்துவமும் கல்வியும் கொண்டுவந்தவர் எவலின் பிராண்ட். தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் அறுவை மருத்துவத்தில் உலகப் புகழ்பெற்ற பால் பிராண்ட் இவர்களுடைய மகன். 1929-இல் கணவர் ஜெஸ்ஸி பிராண்ட் காய்ச்சலால் இறந்தார். தம் சபை ஓய்வு கொடுத்த பின்னும் எவலின் மலைகளை விட்டு இறங்கவில்லை. முதிய வயதில் மட்டக்குதிரையில் ஏறி ஊர் ஊராகச் சென்றவர், 1974-இல் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்தார். தனி ஒருவரின் ஈகம் மக்கள் மனத்தில் கதையாக நிற்கிறது. மடமோ கதையாக நிற்பதில்லை. ஒரு சகோதரி இறந்தால் அடுத்த நாள் அவருடைய வகுப்பில் இன்னொருவர் நிற்பார். நிறுவனத்தின் வலிமை அது. தனி மனுஷியின் பெயர் கரைந்துபோவதற்கும் அதுவே காரணம்.

மாறிய அங்கி, மாறாத கேள்வி

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் துறவற வாழ்வைப் புதுப்பிக்கும் ஆணையை வெளியிட்டது. பல சபைகளில் அதுவரை படித்த சகோதரியர் ஒரு படியிலும், சமையலும் தோட்டமும் சலவையும் பார்த்த சகோதரியர் கீழ்ப்படியிலும் இருந்தார்கள். அந்தப் பிரிவை நீக்கி ஒரே வகுப்பாக்க அவ்வாணை வலியுறுத்தியது. வழிபாடு தமிழுக்கு வந்தது. கனத்த அங்கியின் இடத்தில் பல சபைகளில் சேலை வந்தது. ஐரோப்பியத் தலைவியரின் இடத்துக்கு இந்தியப் பெண்கள் வந்தார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கும் பழங்குடி ஊர்களுக்கும் சகோதரிகள் நடந்து செல்லத் தொடங்கினார்கள். விடுதலை பெற்ற நாட்டில், ‘கான்வென்ட்’ என்ற சொல் துறவு இல்லத்தைக் குறிப்பதை விட்டு ஆங்கிலவழிப் பள்ளியைக் குறிக்கும் சொல்லாகிப்போனது. மடத்துக்கும் தொடர்பில்லை, துறவிக்கும் தொடர்பில்லை என்ற நிலையிலுள்ள தனியார் பள்ளிகள்கூடப் பெயர்ப்பலகையில் ‘கான்வென்ட்’ என்று எழுதிக்கொள்கின்றன. ஒரு சொல் இத்தனை விலை பெற்றது அந்தப் பெண்களின் உழைப்பால்.

அந்த உழைப்பு யாருடையது என்ற கேள்வி அண்மையில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் பணிபுரியும் கன்னியரும் குருக்களும் தங்கள் ஊதியம் முழுவதையும் சபைக்கே கொடுத்துவிடுகிறார்கள். வார்த்தைப்பாடு எடுத்தவர், திருச்சபைச் சட்டப்படி, உலகியல் உரிமைகளைப் பொறுத்தவரை இறந்தவருக்கு ஒப்பானவர். அவருக்கு வருமானம் என்பதே இல்லை. எனவே வரிப்பிடித்தம் கூடாது என்பது அவர்களின் வாதம். 1944 முதல் வழக்கில் இருந்த ஒரு சுற்றறிக்கையும் அவர்களுக்குத் துணையாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் அமர்வு 2019-இல் இதை ஏற்கவில்லை. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றமும் 90-க்கும் மேற்பட்ட மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. ஊதியம் ஒருவரின் பெயரில் வழங்கப்படும்போது, அதை அவர் யாருக்குக் கொடுத்தாலும் அது அவருடைய வருமானமே என்பது தீர்ப்பின் சாரம்.

வரிச் சட்டத்தைப் பொறுத்தவரை இத்தீர்ப்பு சரியானது என்றே நான் கருதுகிறேன். ஆனால், அதில் வரலாற்று மாணவன் கவனிக்க வேண்டிய நயம் ஒன்று உண்டு. அந்தப் பெண் ‘இல்லாதவள்’ என்றது சபைச் சட்டம். ‘இருக்கிறாள், அவளுக்குப் பெயர் இருக்கிறது, அவள் உழைத்து ஈட்டுகிறாள்’ என்றது அரசுச் சட்டம். வரி போடுவதற்காகவேனும் அரசு அவளைத் தனி மனுஷியாகப் பார்த்துவிட்டது. வரலாறு இன்னும் பார்க்கவில்லை.

எரிந்த குறிப்பேடு

இதைச் சொல்லக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், சமவெளியில் உள்ள பழைய மடம் ஒன்றுக்கு, அதன் ஆவணங்களைப் பார்க்க அனுமதி கேட்டுச் சென்றேன். ஊரும் மடமும் பெயர் சொல்லப்பட வேண்டா. கன்னியர் மடங்களில் நாட்குறிப்பு எழுதும் மரபு உண்டு. யார் வந்தார், யார் மாற்றலாகிச் சென்றார், எந்த ஆண்டு மழை பொய்த்தது, எத்தனை குழந்தைகளுக்கு அம்மை கண்டது, கிணறு எப்போது வெட்டப்பட்டது என எல்லாம் அதில் இருக்கும். ஓர் ஊரின் சமூக வரலாற்றுக்கு அதைவிடச் சிறந்த மூலம் அரிது. என்னை அன்புடன் வரவேற்ற தலைவி காபி கொடுத்துவிட்டு, சற்றுத் தயங்கிச் சொன்னார்: ‘பழைய நோட்டுகள் பிரெஞ்சில் இருந்தன ஐயா. எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. கரையான் வேறு ஏறிவிட்டது. விழாவுக்கு வெள்ளையடித்தபோது எரித்துவிட்டோம்.’

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுவரை அந்தக் குறிப்பேடுகளைக் கேட்டு ஒரு பேராசிரியரும் அந்த வாசலை மிதித்ததில்லை. சேலத்தில் நாற்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்த நானும் மிதித்ததில்லை. யாரும் கேட்காத பொருளை யார்தான் காப்பார்?

திரும்பும்போது அவர் என்னைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். வரிசையாகச் சிறு சிலுவைகள். பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு அவ்வளவே. முன்வரிசையில் ஐரோப்பியப் பெயர்கள். பின்வரிசைகளில் தமிழ்ப் பெண்களின் துறவறப் பெயர்கள். இருபத்து மூன்று வயதில் இறந்த ஒருத்தி. எண்பத்தெட்டு வரை வாழ்ந்த இன்னொருத்தி. எந்த ஊர், என்ன படித்தாள், ஏன் வந்தாள், என்ன சமைத்தாள், யாருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள் என்பவற்றுக்கெல்லாம் விடை அந்தக் குறிப்பேட்டில் இருந்திருக்கும்.

செய்யக்கூடியவை மிகப் பெரியவை அல்ல. சேலத்திலேயே பெரியார் பல்கலைக்கழகம் 1997 முதல் இருக்கிறது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் பழைய மடங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் நாட்குறிப்புகளையும் சேர்க்கைப் பதிவேடுகளையும் ஒளிப்படமாக்குவதை ஓர் ஆய்வுத்திட்டமாக எடுத்துக்கொள்ளலாம். பிரெஞ்சு மொழி தடையென்றால், 1955 முதல் புதுச்சேரியில் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அருகிலேயே இருக்கிறது. மூலங்களை மடத்தினர் தங்களிடமே வைத்துக்கொள்ளட்டும். படிகள் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குச் சென்றால் போதும். அந்தரங்கமான செய்திகளுக்கு இத்தனை ஆண்டு என்று ஒரு காலவரம்பு வைத்துக்கொள்ளலாம். சபைகளும் தங்கள் மூத்த சகோதரியரின் நினைவுகளை அவர்கள் குரலிலேயே பதிவு செய்ய முன்வர வேண்டும். துறவுக்கு வரும் இளம்பெண்கள் குறைந்துவரும் காலம் இது. இன்று எண்பதைக் கடந்தவர்களோடு ஒரு நூற்றாண்டின் நினைவும் அடங்கிவிடும்.

இது ஒரு சமயத்தின் பெருமைக்கான வேண்டுகோள் அன்று. வேடலின் குரத்தியருக்குச் சமணர் அல்லாத நாம் இன்று பெருமைப்படுகிறோம். அதற்குக் காரணம் அவர்கள் தமிழ் நிலத்துப் பெண்கள் என்பதே. கனகவீரக் குரத்தியாரின் பெயரையும் அவருடைய 500 மாணாக்கியரின் உணவுச் சிக்கலையும் ஊரார் கல்லில் வெட்டி வைத்ததால், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அவர்களைப் பற்றிப் பேசுகிறோம். காகிதமும் கணினியும் கைவசம் வைத்துக்கொண்டு, நூறாண்டுக்கு முந்தைய பெண்களின் பெயர்களை நாம் கரையானுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த முறை ஏற்காடு செல்பவர்கள் படகிலிருந்து இறங்கியதும் சிறிது தூரம் நடந்து, அந்த மதிலருகே ஒரு நிமிடம் நின்று பாருங்கள். 1894-இல் மலையேறி வந்து, திரும்பி இறங்காமல் அங்கேயே அடங்கியவர்கள் இருப்பார்கள். அவர்களுள் ஒருத்தியின் பெயரையாவது கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் மாணவியின் கேள்விக்கு மீதிப் பாதி விடை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.